கதைக்கு ஆகாதவை ஏழு

காரங்காட்டுக்கு வடக்கே எங்கள் கரையில் 1953-ஆம் ஆண்டு சித்திரைக்குப் பிறகு எந்தச் சாவுக்கும் மழை பெய்ததில்லை. காரணம் நாடகக் கமிட்டி. அந்த வருடத் திருவிழா நாடகத்தில் கதாநாயகனின் தாய் சாகும்போது தகரத்தை ஆட்டி இடி இடிக்க வைத்தார்கள், வாளியால் மழை ஊற்றினார்கள். கெட்ட செய்தி வரும்போதெல்லாம் விளக்கை அணைத்தார்கள். கடலில் தொலைந்த புருஷன் கடைசிக் காட்சியில் வந்து நிற்பான் என்பதைத் தெரிந்துகொண்டு, ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து வண்டி கட்டி வந்த ஜனம் அவன் வருவதற்கு முன்பே பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. நாடகம் எழுதிய சவேரியாருக்கு மானமே போய்விட்டது. மறுவாரம் கமிட்டியைக் கூட்டி, இவையெல்லாம் சேர்த்து மோசமான கதைக்கு அடையாளங்கள், இனி இவை ஆகாது என்று ஏழு சங்கதிகளைத் தீர்மானித்து, படகுக்குப் பூசும் தாரால் வலைக்கொட்டகைச் சுவரில் எழுதி வைத்தார்.

வானமும் கடலும் அதற்குக் கட்டுப்படும் என்று யாரும் நினைக்கவில்லை, ஆனால் கட்டுப்பட்டன. சந்தனம் என்ற கிழவர் செத்த அன்று திரண்டு வந்த மேகம் ஊர் எல்லையில் சற்று நின்றுவிட்டு, தேவிபட்டினம் போய்ப் பெய்தது. கொழும்பிலிருந்து சாவுத் தந்தி வந்த வீட்டில், கூரையைப் பிய்க்கிற காற்றிலும் விளக்கு ஆடாமல் எரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, ஊருக்கு இதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

1956 மாசியில் ஒரு காலை, மூன்று வருடத்துக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பாத யாக்கோபு, கரைக்கு நேரே இடுப்பளவு தண்ணீரில் நின்றான். நடந்தான். நடக்க நடக்கத் தண்ணீர் இடுப்பளவாகவே இருந்தது. படகில் ஏற்றினால் படகு மட்டும் கரை சேரும். ஆள் பழைய இடத்திலேயே நிற்பான். சுவரில் நான்காவதாக எழுதியிருந்தது: கடலில் தொலைந்தவன் கடைசியில் வந்து சேர்வது. அவன் பெண்டாட்டி லீமாரோஸ் தினமும் படகில் போய்க் கஞ்சி ஊட்டினாள். பத்தாம் நாள் அவன் உதடு உப்பில் வெடித்து, தோல் ஊறி உரியத் தொடங்கியது. இன்னும் ஒரு வாரம் தாங்கமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

சவேரியார் கல்நெஞ்சக்காரர் இல்லை. தானே உளியெடுத்து நான்காவது வரியைச் சுரண்டினார். கடல் அசையவில்லை. எழுத்துதான் போனதே தவிர, அது மோசமான கதை என்கிற எண்ணம் அவர் மனசை விட்டுப் போகவில்லை. எத்தனை தடவை பார்த்தாயிற்று, அதை நல்ல கதை என்று பொய்க்குச் சொல்லத் தன்னால் முடியவில்லையே என்று லீமாரோஸிடம் அழாக்குறையாகச் சொன்னார். வந்த கோபத்தில் அவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

"கடைசியில வந்தாத்தானண்ணே அது மோசம்? இது கடைசின்னு யாரு சொன்னது? அவுக வந்த பெறகுதான் எனக்குச் சோலியே இருக்கு. மூணு வருசம் எங்கன இருந்தாகன்னு கேக்கணும். மூத்தவளுக்குப் பேசியிருக்க எடத்த அவுக வேணாம்பாக, அதுக்கு ஒரு சண்டை கெடக்கு. நீங்க தெரைய எறக்கிப்புட்டு வீட்டுக்குப் போனா, அது எங்க குத்தமா?"

இருபது வருடம் நாடகம் எழுதிய சவேரியார், திரை விழுந்த பிறகு அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது, அந்த மாப்பிள்ளை வீட்டில் யாக்கோபுக்கு என்ன குறை என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். கடலில் யாக்கோபுக்கு முழங்கால் தெரிந்தது.

உச்சிப்பொழுதுக்குள் அவன் கரையேறினான். லீமாரோஸ் அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்து அழுதாள், சந்தோஷத்தில்தான். சோற்றைப் போட்டுவிட்டு, மூன்று வருடக் கணக்கைக் கேட்க ஆரம்பித்தாள். மூத்தவள் சம்பந்தத்தை அவன் வேண்டவே வேண்டாம் என்றான். சாயங்காலம்வரை நடந்த சண்டையைச் சவேரியார் வேலிக்கு வெளியே நின்று முழுசாகக் கேட்டார். மறுநாள் காலை மிச்சத்தைக் கேட்க வந்தவருக்கும் லீமாரோஸ் ஒரு தட்டு வைத்தாள்.