அபிசாயின் எடை

வியாழக்கிழமை காலை ஆறு மணிச் செய்தி முடிந்தபோது அபிசாய் பாயிலிருந்து ஒரு சாண் உயரத்தில் படுத்திருந்தான். அவன் மனைவி லிதியா முதலில் கூரையைப் பார்த்தாள். ஒழுகல் பட்டு நகர்ந்து படுத்திருக்கிறானோ என்று நினைத்தாள். கூரை ஒழுகவில்லை. அவனுக்கும் பாய்க்கும் நடுவே ஒரு கோழி புகுந்து மறுபக்கம் வெளியேறியது. அவள் இடுப்பில் சுற்றும் தன் பழைய சுலுத் துணியின் ஒரு முனையை அவன் கணுக்காலிலும் மறுமுனையை வீட்டின் நடுத்தூணிலும் கட்டினாள். பிறகு மரவள்ளிக்கிழங்கை அடுப்பில் வைக்கப் போனாள். முடிச்சு காலை அறுக்கவில்லை, நழுவவும் இல்லை. அபிசாய் அதை நன்றியோடு பார்த்துக்கொண்டு கிடந்தான். சனிக்கிழமை தலைநகர் சுவாவில் வெளிநாட்டு அணியோடு நடக்கும் டெஸ்ட் ரக்பி ஆட்டத்துக்குப் பதினான்கு பேர் முடிவாகிவிட்டார்கள் என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். மிச்சம் ஓர் இடம்தான். முன்வரிசையின் இடப்பக்கத் தூண். அது யார் என்று தேர்வாளர் எபேலி அன்று மாலை அறிவிப்பார்.

ரக்பியில் இரண்டு அணிகளும் தலை கோத்து முட்டிக்கொள்வதை ஸ்கிரம் என்பார்கள். முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் நிற்பவன் இரு கைகளாலும் இருபக்கத்து ஆட்களை இறுகப் பிடித்துக்கொண்டு, பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பான். ஓரத்தில் நிற்கும் இருவர்தான் தூண்கள். தூண் வேகமாக ஓட வேண்டாம், அழகாகப் பந்து வீச வேண்டாம். கனமாக இருந்தால் போதும். அபிசாய் நந்ரோங்கா மாகாணத்துக்குப் பதினோரு ஆண்டுகளாக இடப்பக்கத் தூண். நாட்டு அணிக்கு மூன்று முறை மாற்று ஆளாக அழைத்திருந்தார்கள். மூன்று முறையும், இடைவேளையில் ஆடுபவர்களுக்குக் கொடுக்கும் ஆரஞ்சுப் பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரப் பலகையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பேருந்தில் திரும்பி வந்தான். அவனுக்கு வயது முப்பத்து நான்கு. அடுத்த டெஸ்ட் வருவதற்குள் முழங்கால்கள் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும்.

அவனுடைய எடை திங்கட்கிழமை குறையத் தொடங்கியது. காரணம் அவன் மச்சான் வைசாகே. லிதியாவின் அண்ணன். நந்ரோங்காவிலும் நாட்டு அணியிலும் முன்வரிசையின் நடுவில் நிற்பவன். பதினோரு ஆண்டுகளாக அவனுடைய இடது கை அபிசாயின் முதுகைச் சுற்றியே இருந்தது. இந்த ஊரில் மச்சான்கள் ஒருவரையொருவர் வைதுகொள்ள வேண்டும். எவ்வளவு வசவோ அவ்வளவு பிரியம். நல்ல வார்த்தை ஒரே ஒரு முறைதான் உண்டு. குழிமேட்டில், மண் தள்ளுவதற்கு முன்னால். திங்கட்கிழமை வானொலியில் நிலையத்துக்குத் தொலைபேசி செய்து அணியைப் பற்றிக் கருத்துச் சொல்லும்படி நேயர்களைக் கேட்டார்கள். வைசாகே தொலைபேசி இருக்கும் கடைக்கு ஓடினான்.

"அபிசாயா? அவன் மூஞ்சிக்கு டெஸ்டா? காஞ்ச தேங்காய்ங்க அவன். ஊதுனா பறந்துருவான். அந்த லாவுத் தீவுப் பையன் தனியேலாவப் போடுங்க, நாடு பொழைக்கும்."

மச்சான் ஒருவன் நாடறிய இப்படி வைதால், வையப்பட்டவன் எவ்வளவு வேண்டியவன் என்று எல்லாத் தீவுகளும் புரிந்துகொள்ளும். வைசாகே அதற்காகத்தான் பேசினான். ஆனால் ஆர்வத்தில் தன் பெயரையும் உறவையும் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டான். உறவு சொல்லாத வசவு வெறும் கருத்து. அடுத்து லெவுக்காவிலிருந்து ஒரு மீனவர் அதை ஆமோதித்தார். லம்பாசாவிலிருந்து கரும்பு வெட்டுபவர் ஒருவர், தானும் கேள்விப்பட்டதாகச் சொன்னார். தவேயூனியில் ஒரு போதகர் ஜெபம் முடிந்ததும், அபிசாய் நல்லவர்தான், எடைதான் போதாது என்றார். அன்று மாலை அபிசாய் ஏறியபோது தோணி தண்ணீரில் தாழவில்லை. செவ்வாய்க்கிழமை ஆற்றுச் சேற்றில் அவன் தடம் பதியவில்லை. புதன்கிழமை கடையில் கொப்பரை நிறுக்கும் தராசில் ஏறி நின்றான். முள் அசையவில்லை. கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். காசு வாங்கவில்லை.

ஊர் அவனுக்குச் சோறு போட்டது. சேப்பங்கிழங்கு வந்தது, தேங்காய்ப்பாலில் வெந்த கீரை வந்தது, டப்பா மாட்டிறைச்சி வந்தது. ஊர்த் தலைவர் வீட்டிலிருந்து பன்றியின் ஒரு தொடை முழுதாக வந்தது. அபிசாய் எல்லாவற்றையும் சாப்பிட்டான், கொண்டுவந்த ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னான். எதுவும் எடையாகவில்லை.

வியாழன் காலை வைசாகே வந்து வாசலில் நின்றான். அபிசாய் அதற்குள் தலைமட்டத்துக்கு ஏறியிருந்தான். அண்ணனும் தங்கையும் வயது வந்த பிறகு முகம் பார்த்துப் பேசுவதில்லை. அதனால் லிதியா அடுப்பிலிருந்த பானையிடம் பேசினாள்.

"ஏ பானையே, ஒரு ஊர்ல ஒரு அண்ணன் இருந்தாராம். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாராம். இப்ப தங்கச்சி புருசன் பட்டம் மாதிரி கெடக்குறாராம்."

வைசாகே வீட்டின் நடுத்தூணைப் பார்த்தான். "தூணே, நான் என்ன வேணும்னா செஞ்சேன்? பேரு சொல்ல மறந்துட்டேன். திரும்பப் போன் பண்ணேன், லைன் கெடைக்கல. பானைகிட்ட சொல்லு."

"ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லு, பானையே. கீழ எறங்கிருவாரு."

  உயிரோடிருக்கும் மச்சானுக்கு அந்த வார்த்தை ஆகாது என்று மூவருக்கும் தெரியும். முந்தின தலைமுறையில் ஒருவன், பெரிய மீனோடு கரையேறிய மச்சானைக் கட்டிப்பிடித்து, உன்ன மாதிரி ஆளு கிடையாதுடா என்று சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அதே வார்த்தையைக் குழிமேட்டில் நின்று திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று.

மேலேயிருந்து அபிசாய் சொன்னான்: "டேய், வாயத் தொறந்த, கொன்னுருவேன். எனக்குப் பொணப் பேச்சு வேணாம். பறந்தாலும் உசுரோட பறந்துக்கிறேன்."

"ஒன்ன யாருடா புகழப் போறா, எலவம்பஞ்சு," என்றான் வைசாகே. அவன் கண்கள் கலங்கியிருந்தன. அபிசாய் இன்னும் இரண்டு விரல் மேலே போனான்.

மதியப் பேருந்தில் எபேலி வந்தார். ஒரு காலத்தில் நாட்டுக்காக ஆடியவர். காதுகள் இரண்டும் நசுங்கிக் காலிஃபிளவர்போல இருக்கும். பக்கத்தில் தனியேலா. இருபத்தொரு வயது, பேருந்தின் இரண்டு இருக்கைகளை அடைத்து உட்காரும் உடம்பு. எபேலி முறைப்படி யங்கோனா என்னும் வேரின் கட்டு ஒன்றைத் தலைவர் முன் காணிக்கையாக வைத்துத் தலை குனிந்து பேசினார். வேரை இடித்துக் குடிப்பதற்காக மரத்தொட்டியில் கரைத்தார்கள். லிதியா அபிசாயைச் சுலு முனையால் பிடித்து ஊர்மண்டபம்வரை நடத்தி வந்தாள். வாசலில் முனையை ஓர் ஆணியில் மாட்டினாள். வைசாகே அதை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டான்.

சிரட்டை ஒவ்வொருவராகச் சுற்றி வந்தது. பேச்சு எடையில் தொடங்கி எடையிலேயே நின்றது. வந்திருக்கும் வெள்ளையர் அணி முன்வரிசையாலேயே ஜெயிக்கிற அணி. எதிராளியைக் கீழே அமுக்கி ஸ்கிரம்மைச் சரித்துவிடுவார்கள். நடுவர் விசில் ஊதுவார், குற்றம் கீழே விழுந்தவன்மேல் போகும், அவர்களுக்குத் தண்டனை உதை கிடைக்கும், புள்ளி சேரும். அந்தப் பயணத்தில் ஒரு தீவையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

"அந்தக் கூட்டத்துக்கு முன்னால வெறும் காத்தக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்றீங்களா?" என்று எபேலி கேட்டார். "நாட்டோட மானம்யா. இவன எடுக்க எனக்கு ஆசை இல்லைன்னா நான் ஏன் பஸ் ஏறி வரேன்?"

பள்ளி ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "முன்வரிசைக்காரன் கால் தரையில இருக்கணும். சட்டம்."

"நடுவுல இருக்கிறவன் ஓரத்துல இருக்கிறவன இறுக்கிப் பிடிக்கணும். அதுவும் சட்டம்தான வாத்தியாரே?" என்றான் வைசாகே. "நான் பிடிக்கிறேன். இந்தக் காஞ்ச தேங்காய விட்டா எனக்கு வேற வேலை என்ன இருக்கு?"

"எம்பது நிமிசமும் பிடிப்பியா?"

"பதினோரு வருசமாப் பிடிச்சுட்டுத்தான இருக்கேன்."

தனியேலா சிரட்டையை இரண்டு கைகளாலும் வாங்கிக் குடித்துவிட்டு, கைகளைக் குவித்து மூன்று முறை தட்டினான். "மாமா, நான் ஒண்ணு சொல்லலாமா? எனக்கு இந்தச் சட்டை வேணும். விட்டுக்குடுக்க வரல. ஆனா ரேடியோ கேட்டு வாங்குனதா இருக்கக் கூடாது. முட்டிப் பாத்துருவோம்."

எல்லோரும் வெளியே ஊர்ப்புல்வெளிக்குப் போனார்கள். இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் சேர்ந்தார்கள். தலைவரின் தம்பிகூடச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். வைசாகே இடது கையை அபிசாயின் முதுகைச் சுற்றிப் போட்டுத் துணியைக் கொத்தாகப் பிடித்துக் கீழே இழுத்தான். அபிசாயின் கால்கள் புல்லைத் தொட்டன. காலையிலிருந்து தொடாத தரை. ஈரமாக இருந்தது. ஆண்டவரே, இது போதும் என்று அவன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். தனியேலா எதிரே வந்து முட்டினான். அவன் முதலில் பின்னால் தள்ளிப் பார்த்தான். அபிசாயின் முதுகுக்குப் பின்னால் தள்ளுவதற்கு ஐந்து பேர் இருந்தார்கள். அதனால் அவன் எல்லோரும் செய்வதைச் செய்தான், கீழே அமுக்கினான். தேங்காயை ஆற்றில் அமுக்கினால் எப்படியோ அப்படித்தான் இருந்தது. அமுக்க அமுக்க மேலே வந்தது. மறுபடி அமுக்கினான். பக்கத்து ஆளும் சேர்ந்து அமுக்கினான். கடைசியில் தனியேலாவின் முகம்தான் சேற்றில் கிடந்தது, அபிசாய் நின்றபடியே இருந்தான்.

தனியேலா எழுந்து வாயிலிருந்த புல்லைத் துப்பினான். பிறகு சிரித்தான். "கீழயே போக மாட்டேங்கிறாரு மாமா. அவங்க எப்படிச் சரிப்பாங்க?"

எபேலி நசுங்கிய காதைத் தடவிக்கொண்டார். கடைத் தொலைபேசி எங்கே என்று கேட்டார்.

மாலை ஆறு மணிச் செய்தியில் அபிசாயின் பெயரை முழுதாகச் சொன்னார்கள். ஊரின் பெயரையும் சொன்னார்கள். மாற்று ஆள் தனியேலா. அவன் அப்போது அபிசாயின் வீட்டில் பன்றித் தொடையின் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தான். ஆரஞ்சுப் பையை யார் சுமப்பது என்று கேட்டான். கனமா இருக்கும், நீயே வச்சுக்கோ என்றான் அபிசாய். படுக்கும் முன் அவன் முறைப்படி ஜெபம் செய்தான். லிதியாவின் முடிச்சுக்கு நன்றி சொன்னான். தரையைத் தொட்டதற்கும், எதிரே வந்து முட்டிய பையனுக்கும் நன்றி சொன்னான். லெவுக்கா மீனவரையும் லம்பாசா கரும்பு வெட்டுபவரையும் தவேயூனிப் போதகரையும் சேர்த்துக்கொண்டான். பதினோரு ஆண்டுகளில் மாகாணத்துக்கு வெளியே அவன் பெயரை வாயால் சொன்னவர்கள் அவர்கள்தான். மச்சானின் பெயரைச் சொல்லவில்லை. அது ஆண்டவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமைப் பேருந்திலும், விடுதியிலும், சனிக்கிழமை மைதானத்துக்கு ஏறும் படிகளிலும் வைசாகேயின் இடது கை அபிசாயின் சட்டையை விடவில்லை. தேசிய கீதம் பாடும்போது இருவரும் அணைத்துக்கொண்டு நிற்பதாக எல்லோரும் நினைத்தார்கள். நடுவர் ஒருமுறை குனிந்து அபிசாயின் காலணிகளைப் பார்த்தார். அவை புல்மேல் இருந்தன. வெள்ளையர்களின் தூண் முழு ஆட்டமும் அவனைக் கீழே இழுத்து இழுத்துக் கடைசியில் தன் தோளைப் பிசகவைத்துக்கொண்டார். ஒரு ஸ்கிரம்கூடச் சரியவில்லை. மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். யார் எத்தனை எடுத்தார்கள் என்ற கணக்கு இப்போது யாருக்கும் நினைவில்லை. சரியாத ஸ்கிரம்மைப் பற்றி எல்லாத் தீவுகளிலும் பேசினார்கள். இவ்வளவு புகழ்ச்சிக்கு எடை திரும்பிவிடும் என்று ஊர் எதிர்பார்த்தது. திரும்பவில்லை. வைதது மச்சான், புகழ்ந்தது மற்றவர்கள். இரண்டும் ஒரே தராசில் ஏறாது போலும் என்று கடைக்காரர் சொன்னார்.

அபிசாய் இன்னும் நான்கு டெஸ்ட் ஆடினான். பிறகு சட்டை தனியேலாவுக்குப் போனது. தனியேலா அதைக் கேட்டு வாங்க ஒரு வேர்க்கட்டோடு வந்தான். தேவாலயத்தின் உட்கூரைக்கு அபிசாய் ஏணி இல்லாமல் சுண்ணாம்பு அடித்தான். ஈரப்பலாக் காலத்தில் அவனைக் கூப்பிடாத வீடு இல்லை. பறித்துக் கொடுத்துவிட்டு இறக்கிவிடச் சொல்லிக் காத்திருப்பான். யாராவது வந்து சுலுவைப் பிடித்து இழுப்பார்கள். லிதியா அந்த முடிச்சை இப்போது பார்க்காமலே போடுகிறாள். வெளியூரிலிருந்து பெண் எடுத்தால், புது மருமகளுக்கு ஆற்றையும் கடையையும் காட்டும்போது அபிசாயையும் காட்டுவார்கள். அவள் சரி என்பாள்.

தினமும் மாலையில் மச்சான்கள் இரண்டு பேரும் குளிக்க ஆற்றுக்குப் போகிறார்கள். தலை நரைத்துவிட்டது. வைசாகேயின் இடது கை தோளுக்குமேல் தூக்க வராது. இருந்தாலும் அந்தக் கையால்தான் சுலு முனையைப் பிடித்துக்கொள்கிறான். தென்னந்தோப்பு முடிந்து கடற்காற்று நேராக வீசும் இடம் ஒன்று உண்டு. அங்கே வந்ததும் அவன் நிற்பான். சுவாவில் கடைசி விசில் ஊதி, மற்ற எல்லோரும் ஒருவரையொருவர் விட்டுவிட்டுப் போன பிறகு, நடுமைதானத்தில் நின்று கேட்டதை அப்படியே கேட்பான்.

"விட்டுறட்டா, மச்சான்?"