நீல வண்டியில் இருந்த பேர்

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பேரை ஒட்ட வெனெராவுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது அதை எடுக்க உட்கார்ந்து ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது, பாதி எழுத்துதான் வந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற ஷர்ஷென் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்க விடுற பெருமூச்சுல ஸ்டிக்கர் ஆறிப்போயிடுது," என்றாள் வெனெரா.

மலையூரான கோச்கோரின் கடைத்தெருவில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் அவள் ஒருத்திதான். ஊரில் எந்த வேனைப் பார்த்தாலும் அதில் ஒரு பிள்ளையின் பேர் இருக்கும், அது இவள் கைவேலையாக இருக்கும். ஷர்ஷெனும் நீல வேனை வாங்கிய அன்றைக்கே மகன் பேரை இரண்டு பக்கமும் முழ உயரத்துக்கு வெள்ளை எழுத்தில் ஒட்டச் சொன்னார். எர்மெக். அப்போது பையனுக்குப் பன்னிரண்டு வயசு. அன்று அப்பனும் மகனும் வண்டியை ஊரைச் சுற்றி மூன்று தடவை ஓட்டினார்கள்.

அந்த எர்மெக் இப்போது நாரின் நகரத்துச் சிறையில் இருக்கிறான். போன ஆகஸ்டில் கல்யாண வீட்டிலிருந்து கூட்டாளியின் காரை எடுத்துக்கொண்டு வந்தவன், தோலோன் கணவாய்க்குக் கீழே ஆட்டு மந்தையை ரோடு தாண்ட வைத்துக்கொண்டிருந்த மிர்லான் என்பவரை இடித்துவிட்டான். மிர்லான் அந்த இடத்திலேயே போய்விட்டார். குடித்திருந்தானா என்று கேட்காதீர்கள், ஊரே கேட்டு ஓய்ந்துவிட்டது. குடித்துத்தான் இருந்தான்.

வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் தீர்ப்பு. அதற்குள் செத்தவர் வீட்டார் 'சமாதானமாகிவிட்டோம்' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் எர்மெக் வீட்டுக்கு வருவான். போடாவிட்டால் ஏழு வருஷம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெரிய மனுஷன் கென்ஜெபெக் இரண்டு ஊருக்கும் நடையாக நடந்து ஒரு வழி பண்ணிவிட்டு வந்தார். உயிருக்கு ஈடாக ஷர்ஷென் அந்த நீல வேனைக் கொடுத்துவிட வேண்டும். மிர்லானின் தம்பி அதை ஓட்டி, அண்ணன் குடும்பத்தைக் காப்பாற்றுவான்.

"ஆனா பெரியவர் ரெண்டு விஷயம் சொன்னாரு," என்றார் கென்ஜெபெக். "அந்தப் பேரு வண்டியில இருக்கக் கூடாது. மருமக தினம் காலையில எந்திரிச்சு அதுலயா முழிப்பா? அடுத்தது, பெயின்ட் அடிச்சு மறைக்கவும் கூடாது."

பெரியவர் என்றால் மிர்லானின் அப்பா ஒமுர்சாக். அவர் சொன்னதில் தப்பே இல்லை. மறுபெயின்ட் அடித்த வண்டி என்றால் எங்கள் பக்கம் அடிபட்ட வண்டி என்றுதான் அர்த்தம். சந்தையில் வண்டி வாங்க வருகிறவன் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் பெயின்ட் கனம் பார்க்கிற கருவியைத்தான் பையிலிருந்து எடுப்பான். செத்த மகனுக்கு ஈடாக நொண்டிக் குதிரையை வாங்கிக்கொண்டார் என்று நாலு பேர் பேச எந்த அப்பன் இடம் கொடுப்பான்?

ஆகவே பெயின்ட்டில் கீறல் விழாமல் பேரை மட்டும் எடுக்க வேண்டும். வெனெரா ஹேர் டிரையரை ஒரு இடத்தில் நிறுத்தாமல் ஆட்டி ஆட்டிச் சூடு காட்டினாள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, தோலை உரிப்பது மாதிரி மேலே தூக்காமல், வந்த வழிக்கே மடக்கி மெள்ள மெள்ள இழுத்தாள். ஒன்பது வருஷ மலை வெயிலில் வெந்த ஸ்டிக்கர். நகத்தளவு வந்ததும் பட்டென்று ஒடிந்தது. மறுபடி சூடு, மறுபடி நகம்.

பொறுமை இழந்து ஷர்ஷென் பைக்குள்ளிருந்து சவர பிளேடை எடுத்தார். வெனெரா பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள்.

"அட கிரகமே! ஒரு கோடு விழுந்துதுன்னா அப்புறம் பெயின்ட் அடிக்காம முடியாது. அதைக் கொண்டுபோய் ஆத்துல போடுங்க!"

"பையன் உள்ள கெடக்கான் வெனெரா. எனக்குக் கை ஓடல."

"தெரியும்ணே. அதனாலதான் வேற வேலையெல்லாம் போட்டுட்டு உக்காந்திருக்கேன். போங்க, போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

மறுநாள் சாயங்காலம் கடைசி எழுத்தும் வந்தது. ஒட்டியிருந்த பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். நீலம் பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஷர்ஷென் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போயிடுச்சு! ஆண்டவனே, போயிடுச்சு!"

வெனெரா கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். தண்ணீர் காயக் காய, வண்டியின் பக்கத்தில் முதலில் மங்கலாக, பிறகு நன்றாகவே, எர்மெக் என்ற பேர் கரு நீலத்தில் வந்து நின்றது.

"என்னம்மா இது? பசை போகலையா?"

"பசையெல்லாம் போயிடுச்சு. ஸ்டிக்கர் மூடியிருந்த எடத்துல வெயில் படல, அதான் வண்டியோட உண்மையான நெறம். மத்த எடம் பூராவும் வெளுத்துப்போச்சு. ஈரத்துல எல்லாம் ஒண்ணாத் தெரியும், காஞ்சா தனியாத் தெரியுது. இதுக்கு நான் என்னண்ணே பண்ணுவேன்?"

விடுவாளா அவளும்? பாலிஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். எழுத்தைத் தேய்த்துப் பிரயோஜனமில்லை, சுற்றி வெளுத்ததைத்தான் தேய்த்துக் கறுக்க வைக்க வேண்டும். கை ஓயத் தேய்த்ததில் பேர் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். இன்னும் தேய்த்தால் அடித்தகடு தெரிந்துவிடும் என்று நிறுத்திவிட்டாள். மேலே பெரிதாக 'பிஸ்மில்லா' என்று ஒட்டி மறைத்துவிடலாமா என்று ஷர்ஷென் கேட்டார்.

"நல்லா இருக்குண்ணே! உங்க திருட்டுத்தனத்துக்கு ஆண்டவன் பேரைக் காவல் வைக்கிறீங்களா?" என்றாள் வெனெரா. சொல்லிவிட்டு அவளே அழுதுவிட்டாள். அவளும் எர்மெக்கைச் சின்னதிலிருந்து பார்த்தவள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஷர்ஷென் வண்டியை எடுத்தார். பின்னால் ஒரு செம்மறிக் கிடா, பக்கத்தில் கென்ஜெபெக். நவம்பர் மாசம், வானம் மூடிக்கொண்டு கிடந்தது. கணவாயைத் தாண்டி ஒமுர்சாக்கின் ஊருக்கு முன்னால் ஒரு ஓடை வரும். அங்கே வண்டியை நிறுத்தி வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"என்னய்யா, வண்டி கழுவுற நேரமா இது?"

"தூசியா இருக்கு."

"இந்த ரோட்டுல தூசியில்லாத வண்டி எது?" என்றபடி கென்ஜெபெக் இறங்கி வந்தார். ஷர்ஷென் தண்ணீரை ஊற்ற ஊற்ற அந்தப் பேர் கரைந்த மாதிரி மறைவதைக் கென்ஜெபெக் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாடியைத் தடவிக்கொண்டார்.

"இது தப்பு ஷர்ஷென்."

"தெரியுது. உள்ளதைச் சொல்லி, வேண்டாம்னுட்டாருன்னா? ஏழு வருஷம்ணே. அவன் அம்மா தாங்குவாளா?"

"அந்தப் பக்கமும் ரெண்டு வாளி ஊத்து," என்றார் கென்ஜெபெக், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு.

கணக்கு இதுதான்: வானம் மூடியிருக்கிறது, வண்டி காய ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் கையெழுத்து வாங்கிவிட்டால், பிறகு காய்ந்தால் காயட்டும், காலில் விழுந்துகொள்ளலாம். கணக்குப் போட்ட மனுஷன் கிடாவை மறந்துவிட்டார். கையோடு கிடாவைக் கொண்டுபோனால் அதை அறுக்க வேண்டும், வேக வைக்க வேண்டும், எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் காரியத்தைப் பேச வேண்டும். இது ஷர்ஷெனுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். புத்தி பேதலித்துப்போயிருந்தால் தெரிந்தது எது, தெரியாதது எது.

ஒமுர்சாக் வாசலில் நின்று வரவேற்றார். ஒல்லியான, நிமிர்ந்த ஆள். ஈரம் சொட்டும் வண்டியை ஒரு பார்வை பார்த்தார், ஷர்ஷெனை ஒரு பார்வை பார்த்தார். "உள்ள வாங்க," என்று மட்டும் சொன்னார். முற்றத்தில் கிடாவை அறுத்தார்கள். மிர்லானின் மனைவி கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு டீக் கிண்ணங்களை வைத்தாள். பெரியவர் ரொட்டியைப் பிட்டு ஷர்ஷென் முன்னால் வைத்தார். ஷர்ஷென் அந்தக் கையைப் பார்த்தார். பிள்ளையைக் கொன்றவனின் அப்பனுக்கு ரொட்டி பிட்டுக் கொடுக்கிற கை எப்பேர்ப்பட்ட கை!

"பெரியவரே, அந்தத் தாளை மொதல்ல..." என்று ஆரம்பித்தார். கென்ஜெபெக் தொடையில் கிள்ளினார்.

"கறி வேகட்டும்," என்றார் ஒமுர்சாக்.

கறி வெந்துகொண்டே இருந்தது. நாசமாய்ப் போன கிடா, கிழட்டுக் கிடா. ஷர்ஷென் கை கழுவுகிற சாக்கில் கெண்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அங்கே மிர்லானின் தம்பி பெயின்ட் கனம் பார்க்கிற கருவியை வண்டியில் அங்கங்கே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன், முகத்தில் ஒரு திருப்தி.

"ஒரு எடத்துலயும் பெயின்ட் அடிக்கலையே மாமா. கம்பெனியில இருந்து வந்த மாதிரியே வச்சிருக்கீங்க."

மாமா என்று கூப்பிட்டுவிட்டான். அவன் கண் முன்னால் எப்படித் தண்ணீர் ஊற்றுவது? ஷர்ஷென் கெண்டியோடு உள்ளே திரும்பி வந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கறி வந்தது. பெரிய எலும்பை விருந்தாளிக்கு வைத்தார்கள். ஷர்ஷென் ஜன்னலையே பார்த்துக்கொண்டு மென்றார். ஜன்னல் வழியாக விரிப்பின் மேல் மஞ்சளாக ஒரு கட்டம் விழுந்தது. வெயில் வந்துவிட்டது. இத்தனை நாள் இல்லாத வெயில்!

சாப்பாடு முடிந்து எல்லோரும் ஆண்டவனை வேண்டிக் கையேந்தி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். கென்ஜெபெக் தாளை எடுத்து வைத்தார். ஒமுர்சாக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக முழுசும் படித்தார். பேனாவைத் திறந்தார்.

"அம்மா! அம்மா! வண்டியில எழுதியிருக்கு!" என்று வெளியே ஒரு குழந்தைக் குரல். மிர்லானின் மகள் அய்பிகே. இந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை. "நானே படிக்கிறேன், கேளு! எர்... மெ... க். எர்மெக்! அம்மா, எர்மெக்னா யாரு?"

மிர்லானின் மனைவி கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒமுர்சாக் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால்கூட ஷர்ஷென் தாங்கியிருப்பார்.

"தண்ணி ஊத்திக்கிட்டா வந்தே?"

"ஆமா பெரியவரே. ரெண்டு நாளா எடுத்தோம். ஸ்டிக்கர் போயிடுச்சு. நெறம்தான்..."

"போகாதுன்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் நான். வெயில் என்ன பண்ணும்னு தெரியும்." பேனாவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ வந்து வாசல்ல நின்னு, என்னால முடிஞ்சது இவ்வளவுதான்னு சொல்லியிருந்தா, சரி, இருக்கட்டும்னு விட்டிருப்பேன். உன் வாயால கேக்கணும்னுதான் காத்திருந்தேன். ஈர வண்டியைக் கொண்டாந்து என் பேத்தி முன்னால நிறுத்திட்டு, என் ரொட்டியைத் தின்னுட்டு உக்காந்திருக்கியே."

ஷர்ஷென் முட்டிபோட்டு அவர் காலைப் பிடித்தார். கென்ஜெபெக் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். பெரியவர் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, குனிந்து தூக்கவும் இல்லை. பேனாவை மூடித் தாளின் மேல் வைத்து, இரண்டையும் கென்ஜெபெக் பக்கம் தள்ளினார்.

"வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க. திங்கக்கிழமை கோர்ட்டுக்கு நாங்க வர்றோம். ஜட்ஜு சொல்றதைச் சொல்லட்டும்."

ஷர்ஷென் செருப்பை மாட்டத் தடுமாறினார். ஒன்று வலது, ஒன்று இடது என்பதுகூட மனசில் நிற்கவில்லை. வீட்டுக்குப் போனதும் மனைவி அனிபா வாசலிலேயே நின்று 'போட்டாங்களா?' என்று கேட்பாள். பெற்றவளுக்கு என்ன சொல்வது?

முற்றத்தில் மிர்லானின் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு விறகு அடுக்கினான். அய்பிகே மட்டும் வண்டியை விட்டு நகரவில்லை. எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தவள், ஷர்ஷென் கதவைத் திறக்க வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். முன்பல் இரண்டு விழுந்த வாய்.

"தாத்தா, இது உங்க வண்டியா?"

"ஆமாம்மா."

"அப்ப எர்மெக் நீங்களா?"

கென்ஜெபெக் அந்தப் பக்கம் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார். ஷர்ஷென் கதவுப் பிடியை விட்டுவிட்டுப் பிள்ளையின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"ஆமா கண்ணு," என்றார். "நான்தான் எர்மெக்."