நடுமூட்டை ஈரம்

மிளகாய் வத்தலின் தரம் பார்ப்பதில் சங்கரன்கோவிலில் தன்னை விஞ்ச ஆளில்லை என்பதே நல்லக்கண்ணுவுக்கு மிஞ்சியிருந்த பெருமை. மற்ற எல்லாவற்றையும் ஆனந்தகுமார் கொண்டுபோய்விட்டார். இருவரும் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே வத்தல் மண்டியில் கூட்டாளிகள். ஆனந்தகுமார் தேர்தலில் நின்றார், வென்றார், இப்போது அமைச்சர். எந்தச் சுவரைப் பார்த்தாலும் அவர் சிரிப்பு. நல்லக்கண்ணுவுக்குக் காலைக் காப்பியும் கசந்தது.

புதிய உலர்களத்தைத் திறக்க அமைச்சர் வருவதாக இருந்தது. விழாவில் ஒரு மூட்டையை அவிழ்த்து, வந்தவரைத் தரம் சொல்லச் சொல்வது மண்டி வழக்கம். இந்தத் தடவை மூட்டை வைக்கும் முறை நல்லக்கண்ணுவுடையது. மேலும் கீழும் காய்ந்த வத்தலை இட்டு, நடுவில் தண்ணீர் தெளித்ததைத் திணித்தார். காரில் போகிறவனுக்குக் கை தொழிலை மறந்திருக்கும். மேலாகப் பார்த்து, 'முதல் தரம்' என்பான். உடனே கொட்டிக் காட்டி ஊர்முன் தலைகுனிய வைக்கலாம்.

"அந்த அண்ணாச்சி ஒங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுனாவ?" என்று மனைவி சங்கரேஸ்வரி கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல. அதான் வயிறு எரியுது."

மறுநாள் மேடையில் அமைச்சர் வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டினார். தோள்வரை மூட்டைக்குள் இறங்கிய கை, நடுவில் நின்றது. எடுத்த வத்தலை வளைத்தார். ஒடியவில்லை.

ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு, "என்ன வே, வத்தலைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்திருக்கீரு?" என்றார்.

"சும்மா..."

"நான் மறந்திருப்பேன்னு நெனச்சீராக்கும்."

ஈர வத்தலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மேலிருந்து வேறொன்றை எடுத்து, ஒலிவாங்கியருகே ஒடித்தார். அந்தச் சத்தம் களம் முழுவதும் கேட்டது. "முதல் தரம். நம்மூர்ல தரம் பாக்க நல்லக்கண்ணு அண்ணாச்சிக்கு மேல ஆளு கிடையாது."

கூட்டம் கைதட்டியது. கேட்க ஏங்கிய சொல்தான். அதையும் அவன் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. நல்லக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

ஈர மூட்டையை அப்படியே விட்டால் பூசணம் பிடிக்கும். அன்று பிற்பகல், அமைச்சர் பெயர் பொறித்த கல்லின் அருகே, புதிய களத்தில் முதல் வத்தலைக் குனிந்து பரப்பியவர் நல்லக்கண்ணுவே.