நாற்பத்தொன்றாம் சொல்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு தைரியம் வராது.

காந்திபுரத்தில் மூலிகை ஆய்வக உதவியாளருக்கான மாலை வகுப்பு. தாவர, மருத்துவச் சொற்கள் 212, அவற்றின் வேர்களோடு எண் போட்டு வைத்திருப்பவள் நான் மட்டும்தான். கூடப் படிக்கும் புவனா அக்காவிடம் நோட்டே கிடையாது. பகலில் அன்னூர் விசைத்தறிக் கூடத்தில் பாவு பிணைக்கிறார்: தறியில் தீரப்போகும் நீள இழைகளோடு புது இழைகளை, ஒவ்வொன்றாக, ஆயிரக்கணக்கில்.

2

மழை பெய்துகொண்டிருந்த அந்த

(இல்லை. மழை பெய்யவில்லை.)

அன்று வாய்மொழித் தேர்வு. அக்கா ஏற்கெனவே ஒருமுறை தோற்றவர். இதிலும் தோற்றால் சான்றிதழ் இல்லை. பெரியநாயக்கன்பாளையம் ஆய்வகத்தில் சொல்லி வைத்திருக்கும் வேலையும் இல்லை.

"ஹிஸ்டாலஜி, திசுவப் பத்தின படிப்பு. அந்தப் பேரு எங்கிருந்து வந்துதுங்க அம்மணி?" என்றார் சுந்தரராஜுலு சார்.



என் பட்டியலில் எண் 41. ஹிஸ்டோஸ்: நெசவு இயந்திரம்.*

(முதல் வரைவில் அதை அக்காவின் காதில் சொல்கிறேன். பொய். நான் வாயே திறக்கவில்லை.)

"செரி, அத உடுங்க. இதுல என்ன தெரியுது, சொல்லுங்க." நுண்ணோக்கியை நகர்த்தினார்.

அக்கா குனிந்தார்.

"பாவுங்க சார்."

"என்னதுங்க?"

"எல்லா இழையும் ஒரே போக்குல ஓடுதுங்க. இந்த ஓரத்துல நாலு அறுந்து கெடக்குது. பிணைக்காம உட்டுப்போட்டாங்க."

பின் பெஞ்சு மதன்குமார் சிரித்தான். "ஏனுங்கக்கா, அது உங்க தறி இல்லீங்க. ஆளோட குதிகால் தசைநாண்!"

"குதிகாலா இருந்தா என்னங்க தம்பி? அறுந்தது அறுந்ததுதான்."

வகுப்பே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. "ஹிஸ்டோஸ்னா கிரேக்கத்துல தறிங்க. டிஷ்யூன்னா தறியில நெய்ஞ்ச துணி. பூவுல நிக்கற மகரந்தத்தாளு, ஸ்டேமன்: லத்தீன்ல அது பாவு நூலுங்க. இருவது வருசமா வெறும் நூலுன்னே சொல்லிக் குடுத்துட்டு இருக்கறேன்."

சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் குறிப்பேட்டில் 'நூல்' என்பதை அடித்து, 'பாவு' என்று எழுதினார்.

3

(முடிவு அ: அக்கா அழுகிறார். அழவில்லை. முடிவு ஆ: நான் மன்னிப்புக் கேட்கிறேன். இன்னும் கேட்கவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிய அக்கா கதவருகே திரும்பினார். "ஜன்னத்து, அப்ப நம்ம பாடப் புஸ்தகம் பூராவும் நம்ம தறிக்கூடந்தானா கண்ணு? இத்தன நாளா பயந்துபோட்டேனே!" அந்தச் சிரிப்பு படி இறங்கித் தெரு வரை கேட்டது.

எனக்கு ஒன்பது மதிப்பெண். அக்காவுக்குப் போட்டதையும் பார்த்தேன். பொறாமை எழுத விடவில்லை. பேனா இனி உங்களிடம்.

புவனா: ____ / 10

* அகராதியைப் பார்த்து எழுதியது. நான் தறியைப் பார்த்ததில்லை. காதில் சொல்லியிருந்தால் அக்காவும் இதையேதான் ஒப்பித்திருப்பார்.