தலைகீழாக அச்சான படம்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் கோடவுன் கிளார்க்காக இருந்தார் தனுஷ்கோடி. பகலெல்லாம் காஸ் துணிக் கட்டுகளை எண்ணி லாரியில் ஏற்றிவிடுகிற வேலை. அவர் வீட்டுப் பரணில் இரண்டு தகரப் பெட்டி நிறைய பழைய காமிக்ஸ் புத்தகங்கள் இருப்பது கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. முப்பத்தொன்பது வயது ஆள் படக்கதைப் புத்தகம் சேர்க்கிறார் என்றால் சிரிப்பார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வதில்லை.

தெரிந்த ஒரே ஆள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஹமீது பாய். தேரடிக்குப் பக்கத்தில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருந்தார். தனுஷ்கோடியைவிடப் பத்து வயது மூத்தவர். பழைய பேப்பர் கடை ஒன்றில் ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையில் பிடித்ததில் தொடங்கிய பழக்கம் அது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தனுஷ்கோடி பஸ் ஏறி அங்கே போய்விடுவார். கடைக்கு மேல்மாடியில்தான் பாயின் வீடு. இரண்டு பேரும் புத்தகங்களை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாயின் மனைவி மெகராஜ் பேகம் மூன்று முறை சாப்பிடக் கூப்பிட வேண்டியிருக்கும்.

இரண்டு பேருக்கும் பித்து ஒரே வரிசையில்தான். ‘மின்மினி சித்திரக்கதை’ என்று அறுபதுகளில் சிவகாசியில் அச்சாகி, நாலு வருஷத்தில் நின்றுபோன மாத வெளியீடு. அதன் முதல் இதழ் ‘உப்பளத்தில் ஒரு பிணம்’. துப்பறியும் செங்கோடன் அறிமுகமானது அதில்தான். அந்த இதழ் கண்ணில் படுவதே அபூர்வம்.

தொண்ணூற்றொன்றில் அது தனுஷ்கோடி கையில் கிடைத்தது. கிடைத்த இரண்டே மாதத்தில், மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கப் பணம் குறைந்தபோது, அதை ஹமீது பாயிடம் எண்ணூறு ரூபாய்க்கு விற்றார். பாய் பேரம் பேசவில்லை. கேட்டதைக் கொடுத்தார்.

விற்கும்போது தனுஷ்கோடி ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை.

அவர் அந்தக் கதையைப் பத்து வயதில் ஒரு வாடகைப் புத்தகக் கடையில் படித்திருந்தார். அதில் இருபத்து மூன்றாம் பக்கத்தில் செங்கோடன் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து குதிப்பான். ஆனால் அவர் படித்த புத்தகத்தில் அவன் கீழே விழவில்லை, மேலே பறந்தான். செங்கோடனுக்குப் பறக்கத் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் சண்டைகூடப் போட்டிருந்தார். தொண்ணூற்றொன்றில் கிடைத்த பிரதியிலோ எல்லோரையும் போல அவன் கீழேதான் விழுந்தான். தன் ஞாபகம்தான் தப்பா, அல்லது இது வேறு அச்சா என்று அன்றைக்கே ஒரு சந்தேகம் வந்தது. பணம் அவசரமாக வேண்டியிருந்தது. சின்ன வயசு ஞாபகம் என்று ஒதுக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமலே கொடுத்துவிட்டார்.

மூன்று வருஷம் கழித்து, தொண்ணூற்று நான்கு ஆடி மாதத்தில், சுந்தரபாண்டியத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஐயாதுரை கடையை மூடப்போவதாகச் சேதி வந்தது. ஒரு காலத்தில் சைக்கிளோடு புத்தகமும் வாடகைக்கு விட்டவர் அவர். தனுஷ்கோடி போய்ப் பார்த்தார். ஐயாதுரைக்குச் சரக்கின் அருமை நன்றாகவே தெரிந்திருந்தது. மிச்சமிருந்த புத்தகக் கட்டுக்கு எழுநூறு ரூபாயில் ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்றார். கம்பெனியில் முன்பணம் வாங்கிக் கொடுத்துவிட்டு, கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தார். அடியிலிருந்து நாலாவதாக ‘உப்பளத்தில் ஒரு பிணம்’ இருந்தது.

இருபத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். படத்தின் அச்சு பிளாக்கைத் தலைகீழாக வைத்து அச்சடித்திருந்தார்கள். கலங்கரை விளக்கம் வானத்திலிருந்து தொங்கியது. செங்கோடன் மேலே போய்க்கொண்டிருந்தான்.

ஞாபகம் பொய்யில்லை. இதுதான் முதல் அச்சு. தவற்றைக் கண்டுபிடித்த அச்சகத்தார் திருத்தி இரண்டாவது தடவை அடித்திருக்கிறார்கள். பாயிடம் இருப்பது அது. சந்தோஷம் முழுசாக ஏறுவதற்கு முன்னாலேயே, சந்தேகத்தைச் சொல்லாமல் பாயிடம் விற்றது நினைவுக்கு வந்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று சொல்லிக்கொண்டு புத்தகத்தைப் பெட்டியின் அடியில் வைத்தார்.

அடுத்த புதன்கிழமை ஹமீது பாயிடமிருந்து ஒரு கார்டு வந்தது. மெட்ராஸில் பொன்னுராஜ் என்று ஒருவர் மின்மினி வரிசையைச் சேர்க்கிறாராம். முதல் இதழுக்கு ஆறாயிரம் ரூபாய் தருவதாக எழுதி, இரண்டாயிரம் மணியார்டரும் அனுப்பிவிட்டாராம். மெகராஜ் பேகத்தின் கண் ஆபரேஷனுக்கு மதுரையில் அது செலவாகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை காலை செங்கோட்டை ரயிலில் அவர் நேரில் வருகிறாராம். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: ‘முதல் அச்சாக இருந்தால்தான் எடுப்பேன் என்று கண்டிப்பாகச் சொல்கிறார். இதில் இரண்டு அச்சு உண்டு என்பதே எனக்குப் புதுச் செய்தி. நம்முடையது முதல்தானே? ஒரு வரி எழுது.’

அந்த ஒரு வரியைத் தனுஷ்கோடியால் எழுத முடியவில்லை. முதல்தான் என்று எழுதினால் ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க்காரர் முன்னால் பாய் ஏமாற்றுக்காரர் ஆவார். இல்லை என்று எழுதினால், எப்படித் தெரியும், எப்போதிருந்து தெரியும் என்ற கேள்வி வரும். வியாழக்கிழமை கோடவுனில் இருபது கட்டை இருபத்திரண்டு என்று எழுதித் திட்டு வாங்கினார். வெள்ளிக்கிழமை இரவு சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். பாய்க்குப் பதில் எழுதியாச்சா என்று மனைவி சீனியம்மாள் கேட்டாள். ஞாயித்துக்கிழமை நேர்லயே போறேன் என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டார்.

சனிக்கிழமை ஒரு வழி தோன்றியது. காலையிலேயே போய், பாய் பார்க்காத நேரத்தில் தன் முதல் அச்சை வைத்துவிட்டு அவருடைய பிரதியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். பாயின் பேர் கெடாது. தன்னுடைய பழைய தப்பும் வெளியே வராது. இருபத்தொன்பது வருஷம் கழித்துக் கிடைத்த புத்தகம் போய்விடும், அவ்வளவுதான். போகட்டும் என்று முடிவு செய்தார். அப்படியும் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தார். பாய் மாடியில் ஜமுக்காளம் விரித்து, புத்தகத்தைப் பாலிதீன் உறையோடு எடுத்து வைத்திருந்தார். கார்டு வந்ததா, பதிலைக் காணோமே என்றார். வந்தது, அதுக்குத்தான் நேரில் வந்தேன் என்றார் தனுஷ்கோடி. அதற்குமேல் பேச்சு ஓடுவதற்குள், கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க ஆள் வந்திருப்பதாகக் கீழேயிருந்து குரல் கேட்டது. செத்த நேரம் இரு என்று சொல்லிவிட்டு பாய் இறங்கிப் போனார்.

தனுஷ்கோடி உறையிலிருந்த புத்தகத்தை உருவித் தன் பையில் வைத்தார். பையிலிருந்ததை உறைக்குள் போட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அடுப்படியில் மெகராஜ் பேகம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏதோ தாளித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் திரும்பவே தனுஷ்கோடிக்குக் கூச்சமாக இருந்தது.

பாய் திரும்பி வந்து, மெட்ராஸ்காரர் வருவதற்குள் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று உறையைப் பிரித்தார். அட்டையைத் தடவினார். பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“இது எம் புக் இல்லையே.”

தனுஷ்கோடி பையை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டார்.

“எம் புக்குல பின்னட்டையில தேங்காய் எண்ணெய்க் கறை இருக்கும். போன வருஷம் நான்தான் சிந்துனேன். அன்னைக்கு முழுக்க நான் சாப்பிடல.” பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனவர் இருபத்து மூன்றில் நின்றார். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். மறுபடி நேராக வைத்தார். “தனுஷ்கோடி, என்ன செஞ்ச? உள்ளதச் சொல்லு.”

தனுஷ்கோடி பையிலிருந்து கறைபட்ட பிரதியை எடுத்துப் பாயின் முன்னால் வைத்தார். பிறகு சொன்னார். சின்ன வயதில் பறந்த செங்கோடனிலிருந்து தொடங்கி, விற்ற அன்று வந்த சந்தேகம், சுந்தரபாண்டியம், கார்டு, சற்று முன்னால் செய்த காரியம் வரை ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்லக் குரல் தேறிவந்தது. நான்கு நாளாக நெஞ்சில் அடைத்திருந்தது வார்த்தையாக வெளியே போவது அவருக்கே தெரிந்தது.

பாய் வெகுநேரம் இரண்டு புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சந்தேகம்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாங்காம விட்டிருப்பேனா?” என்றார் கடைசியில். “சந்தேகத்தோடயே வாங்கியிருப்பேன். எனக்கு வருத்தம் புக்குல இல்ல. மூணு வருஷமா இத மனசுல வச்சுக்கிட்டே எங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டிருக்க பாரு, அதுதான்.”

“தப்புதான் பாய். இந்தப் புக்க நீங்க வச்சுக்கிடுங்க. அன்னைக்கு நான் குடுத்திருக்க வேண்டியது இதுதான்.”

அதற்குள் வாசலில் பொன்னுராஜ் வந்து நின்றார்.

ரயிலில் தூசி படிந்த சட்டையோடு, தோளில் ஒரு ஜோல்னாப் பையோடு வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து மெட்ராஸில் அச்சகம் நடத்துகிறவர். முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். பாய் இரண்டையும் அவர் முன்னால் நகர்த்திவைத்தார்.

“அண்ணாச்சி, நீங்க தொறந்து பாக்குறதுக்கு முன்னால நானே சொல்லிடுதேன். என்கிட்ட இருந்தது ரெண்டாவது அச்சு. எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும். முதல் அச்சு இவரு கொண்டுவந்தது. இது வேண்டாம்னா, நீங்க அனுப்புன பணத்தக் கொஞ்சங் கொஞ்சமாத் திருப்பித் தந்துருதேன்.”

பொன்னுராஜ் முதலில் முகத்தைச் சுருக்கினார். இந்த வருஷத்தில் இரண்டு பேர் அவரை இதே புத்தகத்தைச் சொல்லி ஏமாற்றியிருந்தார்களாம். ஒருவன் அட்டையையே புதிதாக அச்சடித்து ஒட்டியிருந்தானாம். அதனால்தான் நேரில் புறப்பட்டு வந்தேன் என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தனுஷ்கோடி கொண்டுவந்த பிரதியை எடுத்தார். தாளை முகர்ந்தார். பின்களை நகத்தால் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகப் போய் இருபத்து மூன்றுக்கு வந்தார். அங்கே அப்படியே இருந்துவிட்டார்.

“நானும் இவன் பறக்கான்னுதான் நெனச்சேன்” என்றார் மெதுவாக. “அச்சுத் தொழிலுக்கு வந்த பொறவுதான் பிளாக்க மாத்தி வச்சுட்டான்னு புரிஞ்சுது. அது புரிஞ்ச அன்னைக்குக் கஷ்டமாப் போச்சு.”

தனுஷ்கோடிக்குச் சிரிப்பு வந்தது. பாய்க்கும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அறையில் காற்று மாறிவிட்டது. எந்த ஊர் வாடகைக் கடையில், எத்தனை காசுக்குப் படித்தோம் என்று மூன்று பேரும் பேசிக்கொண்டே மெகராஜ் பேகம் வைத்த ஆப்பத்தைச் சாப்பிட்டார்கள். நாலு நாளைக்குப் பிறகு தனுஷ்கோடியின் நாக்குக்கு ருசி தெரிந்தது.

பொன்னுராஜ் முதல் அச்சை எடுத்துக்கொண்டு மீதி நாலாயிரத்தை வைத்தார். பாய் அதை அப்படியே தனுஷ்கோடி பக்கம் தள்ளினார். தனுஷ்கோடி தொட மறுத்தார். மூன்று வருஷத்துக்கு முன்பே பாய் அந்தப் புத்தகத்துக்கு விலை கொடுத்துவிட்டார், ஒப்படைக்கத்தான் தாமதம் என்றார். இழுபறியைப் பார்த்துக்கொண்டிருந்த பொன்னுராஜ், ஐயாதுரைக்குக் கொடுத்த எழுநூறை இவர் எடுத்துக்கட்டும், மற்றது பாய்க்கு என்று தீர்த்துவைத்தார்.

“அப்படின்னா ரெண்டாவது அச்சு ஒன்னோட சாமான்” என்று பாய் எண்ணெய்க் கறைப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். “கறை என்னோடது. அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

கிளம்பும்போது பாய் படி இறங்கிக் கூடவே வந்தார். கடை வாசலில் நின்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவாயா என்று தெருவைப் பார்த்தபடி கேட்டார்.

“வாரேன் பாய்.”

“சீனியம்மாளையும் கூட்டிட்டு வா. கண்ணு தெளிஞ்ச பொறவு மெகராஜ் இன்னும் அவளப் பாக்கல.”

பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. மலைப் பக்கமிருந்து சாரல் காற்று அடித்தது. போய்விட்ட புத்தகத்தை நினைத்தால் வலிக்கும் என்று அவர் காத்திருந்தார். வலி வரவில்லை. டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்ததுதான் கடைசியாக ஞாபகம்.

யாரோ தோளை உலுக்கினார்கள். கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸில் வேறு யாரும் இல்லை.

“இறங்குங்க, கடைசி ஸ்டாப் தேவதானம் வந்தாச்சு. ராஜபாளையத்துல அம்புட்டுச் சத்தம் போட்டேனே, எந்திரிக்கலையே நீங்க.”

தனுஷ்கோடி இறங்கினார். திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. சாலையோரம் வயலில் நாற்று பச்சைப்பசேலென்று நின்றது. பெட்டிக்கடைப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு, வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எந்த அவசரமும் இல்லை.