பதினேழாவது கட்டம்

1994ஆம் வருஷம் ஆவணி மாதத்திலிருந்து, கோவிந்தம்மாள் கையில் எடுத்த எந்தப் படிவத்திலும், ஒரே ஒரு கட்டத்தைத் தவிர, கட்டங்கள் வெறுமையாக இருந்ததில்லை. என்ன எழுத வேண்டும் என்பது ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சாம்பல் நிறத்தில் மங்கலாக எழுந்து வரும். பேனா முனை பட்டதும் மறைந்து இடம் விட்டுவிடும். அந்த வாரம் திருத்தணியில் தக்காளி கிலோ நாலு ரூபாய்க்கு விற்றது. தக்காளியைப் பற்றித்தான் ஊரில் பேச்சு அதிகமாக இருந்தது.

கோவிந்தம்மாள் மணவூர்க்காரி. அவள் கணவன் கஜபதி, சாயந்திரம் வந்துவிடுவதாகச் சொல்லி 1989இல் அரக்கோணம் வண்டி ஏறினான். எந்தச் சாயந்திரம் என்று சொல்லவில்லை. மறு வருஷம் அவளுடைய அப்பா ராஜமாணிக்கம் தன் நிலத்தில் முக்கால் ஏக்கரை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். பட்டா அவள் பெயருக்கு மாற வேண்டியதுதான் பாக்கி. அது மாறாதவரை உழக் கூடாது என்று கஜபதியின் அண்ணன் தடுத்ததால் நிலம் தரிசாகக் கிடந்தது. பட்டா மாற்றித் தரும் அலுவலகம் மலையடிவாரத்தில் இருந்தது. எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை; அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் பிள்ளை குட்டிகள் உண்டு. படிவத்தில் பதினேழாவது கட்டம், சம்மதம் தெரிவிக்கும் கணவரின் பெயரையும் கையெழுத்தையும் கேட்டது.

"கட்டம்னு ஒண்ணு இருந்தா ரொப்பணும்மா" என்றார் எழுத்தர் துரைக்கண்ணு.

"நிலம் எங்க நைனா குடுத்ததுங்க. வூட்ட வுட்டுப் போனவரு சம்மதம் அதுக்கு எதுக்கு?"

"அப்ப செத்துட்டாருன்னு சர்டிபிகேட் வாங்கினு வா."

"செத்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. பொய் எழுத மாட்டேன்."

இந்தப் பேச்சு நாலு வருஷத்தில் எட்டு முறை, வார்த்தை மாறாமல் நடந்தது. ஒன்பதாவது படிவத்தோடு அவள் அலுவலகத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்தபோதுதான் எழுத்துகள் வந்தன. அப்பா பெயர் கேட்ட இடத்தில் 'ராஜமாணிக்கம்னு எழுதுங்க, இனிஷியல் தனியா கேப்பாங்க' என்றிருந்தது. சர்வே எண் கேட்ட இடத்தில் எண்ணே இருந்தது. பதினேழாவது கட்டத்தில் மட்டும் ஒன்றும் வரவில்லை. கோவிந்தம்மாள் அதிசயப்படவில்லை. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கோபப்பட்டாள். அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுக் கொடுத்தாள். மனு திரும்பி வந்தது.

அவளுடைய மனுதான் திரும்பியதே தவிர, விஷயம் தெரிந்து அவளிடம் படிவத்தைக் கொடுத்து வாங்கி எழுதிய மற்றவர்களின் மனுக்கள் ஒரே நடையில் முடிந்தன. அம்மையார்குப்பத்து நெசவாளிகள் மின் இணைப்புப் படிவங்களோடு வந்தார்கள். நகரிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு எழுத்துகள் தெலுங்கில் எழுந்தன. மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறையாகப் புளியோதரை கிளறும் குடும்பத்தைச் சேர்ந்த சுப்பு, இருப்பிடச் சான்றிதழ் வேண்டி வந்தார். தந்தை பெயர் என்ற கட்டத்தில் 'உங்க அப்பா பேரு' என்று எழுந்தது. சுப்பு பயபக்தியோடு அதையே எழுதினார். முத்திரை, கையெழுத்து எல்லாம் ஒழுங்காகப் போட்டுச் சான்றிதழும் வந்துவிட்டது. "அதுல என்ன போட்டிருந்ததோ அதைத்தானேம்மா எழுதினேன்" என்று அவர் வந்து நின்றபோது கோவிந்தம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்று வருஷம் சர்க்கார் கணக்கில் அவர் 'உங்க அப்பா பேரு' என்பவரின் மகனாக இருந்தார். அதற்குப் பிறகு எழுத்துகளே சூதானமாகிவிட்டன. 'அப்பா பேரு எழுதுங்க, அவரு இல்லாட்டியும் எழுதணும்' என்று விளக்கமாக வந்தன. பிறந்த தேதி தெரியாமல் முழித்தவர்களுக்கு 'எந்த வருஷத்து ஆடிக்கிருத்திகைக்கு முன்னாடி பொறந்தீங்கன்னு அம்மாவக் கேட்டுகினு வாங்க' என்று சொல்லி அனுப்பின.

அலுவலகத்துக்கு இது பொறுக்கவில்லை. தப்பாக எழுதினால்தானே திருப்பி அனுப்ப முடியும். முதலில் அவள் வளாகத்துக்குள் உட்காரக் கூடாது என்று பலகை வைத்தார்கள். அவள் எதிர்ப்புறம் சாக்கடைச் சுவர்மேல் உட்கார்ந்தாள். கட்டங்களைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னதாக்கினார்கள், எழுத்துகளும் சின்னதாயின. படிவத்தைச் சாம்பல் நிறக் காகிதத்தில் அச்சடித்தார்கள், எழுத்துகள் வெள்ளையாக வந்தன. 1999இல் அவள் கொடுத்த மனுவில், 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்றிருந்த கடைசிக் கட்டத்திலும் எழுத்து எழுந்துவிட்டது. 'காரணம் எழுதுங்க. காரணம் இல்லன்னா கையெழுத்துப் போடுங்க' என்றிருந்தது. துரைக்கண்ணு இரண்டையும் செய்யவில்லை. அந்தக் கட்டமே வேண்டாம் என்று மேலிடத்துக்கு எழுதிப் படிவத்திலிருந்து அதை எடுக்க வைத்தார். ஒரு கட்டத்தை எடுக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் கோவிந்தம்மாளுக்குத் தெரிந்தது.

2004இல் கம்ப்யூட்டர் வந்தது. சென்னையிலிருந்து கணேஷ்ராம் என்ற இளைஞர் வந்து நிரல் எழுதினார். இனிக் கையெழுத்து வேண்டாம், பெயரைத் தட்டினால் போதும். ஆனால் பதினேழாவது கட்டத்தின் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் உண்டு. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. பொத்தானுக்குக் கண்ணும் இல்லை காதும் இல்லை என்று துரைக்கண்ணு நிம்மதியாக இருந்தார். முதல் நாள் வரிசையில் கோவிந்தம்மாள் முதல் ஆளாக நின்றாள். அவள் உட்கார்ந்து மேஜைமேல் கை வைத்ததும் திரையில் இருந்த கட்டங்களில் எல்லாம் சாம்பல் எழுத்துகள் எழுந்தன.

"நான் இப்படி எதுவும் எழுதலைங்க சார்" என்றார் கணேஷ்ராம். ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார். எழுத்துகள் இருந்தன.

பத்து வருஷமாக ஒன்றும் வராத பதினேழாவது கட்டத்தில் அன்றைக்கு வந்திருந்தது. 'கஜபதி' என்றிருந்தது.

"அதையே தட்டிடும்மா" என்றார் துரைக்கண்ணு. அவர் குரலில் அதட்டல் இல்லை. "பத்து நிமிஷத்துல பட்டா கையில கீது. நானும் அடுத்த மாசம் ரிட்டயர் ஆவறேன்."

தன் கூடவே இருந்த எழுத்து தன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அழுகை வந்தது. கோபம் அதைவிட அதிகமாக வந்தது. "ஊருக்கெல்லாம் நீ சொன்னத எழுதச் சொன்னேன்" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். "இத எழுத மாட்டேன். என் நிலத்துக்கு அவரு யாரு சம்மதம் சொல்ல?" நாற்காலியை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.

இருந்தது ஒரே கம்ப்யூட்டர். பின்னால் எண்பது பேர் நின்றார்கள். நகரு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவர்களில் பாதிப் பேரின் ரேஷன் கார்டு அவள் கை பட்டு வந்தது. சுப்பு ஒரு தூக்குப் போசி நிறையப் புளியோதரை கொண்டுவந்து வரிசைக்கே கொடுத்தார். சாயந்திரம் அலுவலகத்தைப் பூட்டினார்கள். மறுநாள் பத்து மணிக்கு வரிசை அதே வரிசையாக நின்று, முதல் நாற்காலியை அவளுக்காகக் காலியாக வைத்திருந்தது. மூன்றாம் நாள் பகல் பதினொன்றரைக்கு 'தி' வெளுத்தது. அப்புறம் 'ப', 'ஜ', கடைசியாகக் 'க'. எழுத்து போன பிறகு கட்டத்தின் நாலு கோடுகளும் ஒவ்வொன்றாக அழிந்தன, கூடவே சிவப்பு நட்சத்திரமும். அடுத்த பக்கம் தானாகத் திறந்தது. கணேஷ்ராம் ஒயர் பக்கமே போகவில்லை. அச்சாகி வந்த பட்டாவில் துரைக்கண்ணு எழுந்து நின்றே கையெழுத்துப் போட்டார்.

அந்த ஆடியிலேயே முக்கால் ஏக்கரையும் உழுது வேர்க்கடலை போட்டாள் கோவிந்தம்மாள். யாரைக் கேட்டு உழுகிறாய் என்று கஜபதியின் அண்ணன் வந்து நின்றான். "தள்ளி நில்லுங்க பாவா, டிராக்டர் வருது" என்றாள். அவன் தள்ளி நின்றான்.

கம்ப்யூட்டர் வந்தும் நிற்காத காகிதப் படிவத்தில், சென்னையில் அச்சடித்துக் கட்டும்போது இப்போதும் பதினேழாவது கட்டம் இருக்கிறது. திருத்தணியில் கட்டைப் பிரித்தால் பதினாறு இருக்கும், பிறகு ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைக் காகிதம், அதன்கீழ் பதினெட்டு. இரண்டு முறை விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. 2007இல் மாற்றலாகி வந்த புது எழுத்தர், ஒரு பெண் கொடுத்த மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கணவர் சம்மதம் கேட்கிற இடம் எங்கே என்று பியூனிடம் கேட்டார்.

"அது இங்க கிடையாதுங்க சார்" என்றார் பியூன்.

எழுத்தர் தலையாட்டிவிட்டுப் பதினெட்டைப் படித்தார்.