அக்கரை ஆணும் இக்கரைப் பெண்ணும்

பெட்டி கழுவும்போது ஒரு தொட்டியில் ஒரு பாம்புதான். பாம்புப் பண்ணையின் முதல் சட்டம் அது. ஏனோசி இரண்டு ஆண் பாம்புகளை ஒரே தொட்டியில் போட்டான். சண்டை போடாமல் கிடக்கின்றனவே, இன்னொரு தொட்டி எடுக்க யார் நடப்பது என்ற சோம்பல். திரும்ப எடுக்கும்போது ஒன்று அவன் கட்டைவிரலுக்குக் கீழே பல்லைப் பதித்துவிட்டது. கடித்ததைக் கம்பியால் தனி வாளியில் தள்ளி மூடினான். அந்த மட்டுக்கும் புத்தி வேலை செய்தது. பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டான்.

லோசானா அந்தப் பண்ணையில் பதினோரு வருடமாக விஷம் எடுக்கிறாள். ஓடி வந்து, விரலிலிருந்து தோள்வரை துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"எதுடா கடிச்சுது? இக்கரையா, அக்கரையா?"

"வாளியில இருக்குக்கா."

"வாளியில இருக்குறது எனக்கும் தெரியுது. எந்தப் பெட்டிப் பாம்பு அது?"

ஏனோசி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டையும் ஒண்ணாப் போட்டுட்டேன்க்கா."

இரண்டும் குட்டைப்பாம்புதான். ஒரே நிறம், ஒரே பருமன், பெற்றவளுக்கே வித்தியாசம் தெரியாது. ஒன்று இந்தப் பெரிய தீவின் காட்டில் பிடித்தது. மற்றது எதிரே தெரியும் குவேலாத் தீவிலிருந்து வந்தது. குவேலாவும் ஒரு காலத்தில் இந்தத் தீவோடு ஒட்டிய மலைதான். நடுவில் கடல் புகுந்து பல்லாயிரம் வருடம் ஆகிறது. அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட பாம்புகள் அங்கேயே குட்டி போட்டு, அங்கே கிடைத்ததைத் தின்று, தங்கள் போக்கில் மாறிக்கொண்டே போயின. தோல் மாறவில்லை. விஷம் மாறிவிட்டது. பெண் பாம்பின் வாசனையும் மாறிவிட்டது. லோசானா நாற்பத்திரண்டு தடவை அக்கரையையும் இக்கரையையும் ஜோடி சேர்த்துப் பார்த்தாள். அக்கரை ஆண் இக்கரைப் பெண்ணை விறகுக்கட்டையைத் தாண்டுவது போலத் தாண்டிப் போனது. இக்கரை ஆணும் அக்கரைப் பெண்ணிடம் அப்படியேதான். இது வேறு இனம், இதற்குத் தனி மருந்து வேண்டும் என்று தலைநகர் அதிகாரிகளுக்கு எழுதினாள். இரண்டும் ஒன்றுதான், உங்கள் பெட்டி சரியில்லை என்று பதில் வந்தது. பாம்புகளே சம்மதிக்காத சம்பந்தத்தை அந்த மகராசன்கள் மேஜையில் உட்கார்ந்தே முடித்துவிட்டார்கள்.

அடையாளம் ஏன் இல்லை என்றால், குவேலாக்காரர்களுக்கு அந்தப் பாம்பு குலத்தின் மூதாதை. கத்தி படக்கூடாது, சாயம் படக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். அதனால் இக்கரைப் பாம்புக்குத்தான் வால் செதிலில் ஒரு கிள்ளு. ஆனால் இந்த இக்கரை ஆண் முந்தாநாள் வந்தது. நாளைக்குக் கிள்ளலாம் என்று தள்ளிப்போட்டவள் லோசானா. தம்பியைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

பண்ணைக்கு எதிரே ஆஸ்பத்திரி. இரண்டு கட்டில், ஒரு நர்ஸ், ஒரே ஒரு குப்பி மருந்து. அதுவும் இக்கரை விஷத்துக்கானது. இருபது நிமிடத்தில் ஏனோசியின் இமைகள் இறங்க ஆரம்பித்தன.

"பேசாம மருந்த ஏத்திடட்டுமா?" என்றாள் நர்ஸ் மெரிபா. "இக்கரைப் பாம்புன்னா பொழச்சுக்குவான்."

"அக்கரைன்னா?"

"தண்ணி ஏத்துன மாதிரிதான். இங்க மூச்சு மிஷின் கெடையாது. வெளியில தபால் பிளேன் நிக்குது, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒண்ணேகால் மணி நேரம். ஆனா மருந்து இறங்க அரை மணி, அப்புறம் ஒரு மணி நேரம் ஆட்டாம அசைக்காம படுக்கணும். பிளேன் அதுவரைக்கும் நிக்காது."

பைலட் தவோனா வாசலில் நின்று மலையைப் பார்த்தான். மதியத்துக்குமேல் கணவாயை மேகம் மூடிவிடும். "அக்கா, இருபத்தஞ்சு நிமிஷம். அதுக்குமேல கடவுளே வந்து உக்காந்தாலும் நான் கெளம்ப மாட்டேன்."

"மருந்து போடாம ஏத்திட்டுப் போனா?" என்று லோசானா கேட்டாள்.

"இக்கரை விஷம் சீக்கிரம் ஏறும். பாதி வழியிலேயே மூச்சு நின்னுடும், காத்தடிக்கிற பைய வச்சு அவ்வளவு நேரம் தாங்காது," என்றாள் மெரிபா. "ஒண்ணு இங்க, இல்ல அங்க. நீதான் சொல்லணும்."

லோசானாவுக்கு ஒரே தம்பி. அவள் பிள்ளைகளுக்கு ஒரே தாய்மாமன். இந்த ஊரில் நிலமும் பேரும் மாமன் வழியாகத்தான் வரும். அதெல்லாம்கூடப் போகட்டும், அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். வாளியைத் தூக்கிக்கொண்டு பண்ணைக்கு ஓடினாள்.

ஆண் பாம்புகள் பெண் தேடும் மாதம் அது. அந்த ஒன்றைத்தான் அவள் நம்பினாள். கிள்ளு வைத்த இக்கரைப் பெண் கிடந்த பெட்டியில் வாளிப்பாம்பை இறக்கினாள். அது மூலையில் சுருண்டது. நாக்கை நீட்டியது. பெண்ணின் முதுகின் மேலேயே ஏறி மறுபக்கம் இறங்கிப் போனது.

"கட்டையைத் தாண்டுற மாதிரி தாண்டுது!" பின்னாலேயே வந்திருந்த தவோனா கத்தினான். "அக்கரைதான். வாங்க போகலாம்."

"இருடா. பயந்த பாம்பு எந்தப் பெண்ணையும் பாக்காது. வேணாங்குறத வச்சு முடிவு பண்ண முடியாது. வேணும்னு ஒண்ணு செய்யணும்."

கடித்ததைத் திரும்ப வாளியில் போட்டு மூடிவிட்டு, தொட்டியிலிருந்த மற்றதை எடுத்து அதே பெண்ணிடம் விட்டாள். அது இக்கரை ஆணாக இருந்தால் இந்நேரம் முகவாயைப் பெண்ணின் முதுகில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. சுவரோரம் சுற்றிச் சுற்றி வந்தது. ஏழு நிமிடம் போயிற்று. இரண்டுமே மிரண்டு போயிருந்தன. பதினோரு வருடம் பார்த்துப் பார்த்து எழுதிய நோட்டு அலமாரியில் இருந்தது, அதை அடுப்பில் போடலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து மெரிபாவின் குரல் கேட்டது. "லோசானா! எச்சில் முழுங்க முடியல அவனுக்கு!"

"பன்னெண்டு நிமிஷம்," என்றபடி தவோனா விமான இயந்திரத்தைக் கிளப்பப் போனான்.

கடைசிப் பெட்டியில் குவேலாப் பெண் இருந்தது. கடித்த பாம்பை அதில் இறக்கிவிட்டு ஜன்னல்களைச் சாத்தினாள். ஈரச்சாக்கை மேலே போட்டு, ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தாள். தன் மூச்சையும் அடக்கிக்கொண்டாள். பாம்பு அசையவில்லை. வெளியே இயந்திரம் இரைந்தது. பாம்பு நாக்கை நீட்டியது. இன்னொரு முறை நீட்டியது. பெண் போன தடத்தில் தலையைத் தாழ்த்தியது. தாண்டிப் போகும் என்று நினைத்தாள். போகவில்லை. முகவாயை மெல்லப் பெண்ணின் முதுகில் வைத்து, வெட்டி வெட்டி முன்னேறி, வாலை வாலோடு சுற்றியது.

நாற்பத்திரண்டு தடவையில் ஒரு தடவைகூட ஒரு ஆண் வேற்றுக்கரைப் பெண்ணிடம் இதைச் செய்ததில்லை.

"அக்கரை!" லோசானா முற்றத்தில் ஓடிக்கொண்டே அலறினாள். "அக்கரைதான்! குப்பியத் தொடாத! தூக்கு அவன!"

கட்டிலோடு தூக்கினார்கள். காற்றடிக்கும் பையைக் கையில் பிடித்தபடி மெரிபா ஏறினாள். அவர்கள் இருவருக்குமேல் இடமில்லை. ஏனோசிக்கு இமை முழுக்க மூடிவிட்டது, காது மட்டும் கேட்டது. லோசானா அவன் காதில் வாயை வைத்தாள். "டேய், போய்ட்டு வா. தொட்டியெல்லாம் நீதான் கழுவணும்." விமானம் மேகத்தின் விளிம்பை உரசிக்கொண்டு கணவாய்க்குள் நுழைந்து மறைந்தது.

அவள் வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். தன் முடிவு தப்பாக இருந்தால், அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய குப்பி இங்கே பக்கத்திலேயே, குளிர்பெட்டியில், உடைக்காமல் கிடக்கிறது. அதைத் திறந்து பார்க்கக்கூட அவளுக்குத் தைரியம் இல்லை.

வெயில் சாயும் நேரத்தில் மெரிபாவின் குரல் வந்தது. "வழியில மூச்சு நின்னுடுச்சு லோசானா. எறங்குறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி. பைய அழுத்தி அழுத்தி என் கையே போச்சு. இப்போ மிஷின்ல இருக்கான். நாடி நல்லாயிருக்கு. விஷம் தானா எறங்குற வரைக்கும் மிஷின் பாத்துக்கும்ங்குறாங்க. டாக்டர் உன்ன விசாரிச்சாரு, எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு."

"நான் எங்க கண்டுபிடிச்சேன்," என்றாள் லோசானா. அழுதாள், நன்றாகவே அழுதாள்.

நான்காம் நாள் காலை வானொலியில் ஏனோசியே பேசினான். குழாய் எடுத்த தொண்டை, கரகரவென்று இருந்தது.

"அக்கா. அந்த மாப்பிள்ளைய இன்னும் பிரிக்கலையே?"

"பிரிக்கலடா."

"பிரிக்காத. குட்டி போட்டா குவேலாவுக்கு நானே படகுல கொண்டுபோய் விடுறேன். ஒவ்வொண்ணையும் தனித்தனித் தொட்டியில."